மூடியின் உள்பக்கம்

பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறையில், உலோகத் துண்டுகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் பழைய கரைப்பானை முகர்ந்தவர்களுக்கெல்லாம் தலைசுற்றியது. அதனால் இளவேனில் ஆபத்தில்லாத புதியதைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதில் கழுவிய பித்தளைத் துண்டில் தண்ணீர் ஊற்றினாள். பிசுக்கு இல்லையென்றால் படலமாகப் பரவும். பரவியது, கட்டைவிரல் ரேகை அளவு இடத்தில் மட்டும் ஒட்டாமல் விலகியது.

“வெறுங்கையால தொட்டீங்களாக்கா?”

கழுவும் சின்னத்தாயி கைகளை நீட்டினாள். “க்ளவுஸ கழட்டவே இல்ல மேடம். பழைய கெமிக்கல்லயும் இந்த ரேகை போகாது.”

புதியதில் மறுபடி கழுவினார்கள். துண்டு சுத்தமாகிவிட்டது. ரேகை இப்போது கழுவும் தொட்டியின் கண்ணாடி மூடியில் இருந்தது. இளவேனில் துடைத்தாள், போகவில்லை. அது உள்பக்கம்.

ஆவல் தாங்காமல், வெளியிலிருந்து தன் கட்டைவிரலை அதற்கு நேராக வைத்தாள்.

உள்ளிருந்து மற்ற நான்கு விரல்களும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பதிந்தன.