நாற்பத்தேழாம் டோக்கன்

பத்து மணி வெயில் புறநோயாளிகள் பிரிவின் பெஞ்சுகள் மேல் சாய்ந்து கிடக்கிறது. இதே ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நர்ஸாக இருப்பவள், இன்று சீருடை போடாமல், மடியில் குறிப்பு அட்டையும் கையில் ஸ்டாப்வாட்சுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவமனை நிர்வாக முதுகலைப் படிப்புக்கான ஆய்வு இது. டாக்டரைப் பார்க்க ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தால் போதும், நடப்பதில் குறுக்கிடக் கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இப்போது ஓடுவது நாற்பத்தேழாம் டோக்கனுக்கான நேரம். அந்த டோக்கன்காரர் பக்கத்திலேயே இருக்கிறார். சீட்டை மடித்து மடித்துத் திரி போல ஆக்கிவிட்டார். “சிஸ்டர்தானே நீங்க? போன வருஷம் எனக்கு ஊசி போட்டீங்களே. உள்ள ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, மூச்சு ஒரு மாதிரியா இருக்கு.” “இன்னைக்கு நான் டூட்டியில இல்லண்ணா. இன்னும் நாலு பேர்தான்.” அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுகிறார். அவர் நெற்றியில் அரும்பும் வியர்வை வெயிலால் வந்ததல்ல என்று அவளுக்குத் தெரியும். பேனா மூடியைக் கடித்தபடி ஓடும் எண்களைப் பார்க்கிறாள். சீட்டு தரையில் விழுகிறது. பின்னாலேயே அவரும் சரிகிறார். “ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!” என்று கத்திக்கொண்டே அவரைத் தாங்குகிறாள். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் தன் கையைப் பார்க்கிறாள். ஒரு மணி, பன்னிரண்டு நிமிடம், ஒன்பது விநாடியில் ஸ்டாப்வாட்ச் நின்றிருக்கிறது. அவர் சரிந்தபோது அவளிடம் முதலில் அசைந்தது, ஸ்டாப்வாட்ச் பொத்தான் மேலிருந்த கட்டைவிரல்.