ஆறாவது சட்டைத் துண்டு

"சட்டையை வெளியே இழுத்து விடு லெம்பி. கத்தரிக்கோல் ஒரு வருஷமா பசியோட இருக்கு."

அடுப்படியிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான் அண்ணன் ஆர்வோ. வேட்டையில் குறி தவறினால் அந்த ஆளின் சட்டையின் பின்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். வடக்கு மிச்சிகன் காட்டில் எந்த முகாமிலும் இதுதான் வழக்கம். இந்தக் கேபின் சுவரில் ஏற்கெனவே ஐந்து துண்டுகள் தொங்கின. ஐந்தும் லெம்பியுடையவை.

அவள் முகம் சுண்டவில்லை. திரும்பி முதுகைக் காட்டி நின்றாள்.

"அகலமாவே வெட்டுண்ணே. காத்தோட்டமா இருக்கும்."

தட்டு கழுவிக்கொண்டிருந்த ஸ்டான் சிரித்துவிட்டான். அவன் ஆர்வோவின் மச்சினன். இரண்டு ஆண்களிடமும் கப்பி வைத்து, குறிபார்க்கும் கண்ணாடி வைத்த புதுமாதிரி வில்கள். முதல் நாளே நாற்பதடி தூரத்தில் ஒரு மானைச் சாய்த்துவிட்டான் ஆர்வோ. மறுநாள் ஸ்டான். ஆளுக்கு ஒரு மானுக்குத்தான் அனுமதிச் சீட்டு. அடித்தவர் வில்லை மாட்டிவிட்டு, மிச்ச நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சமைத்து, விறகு பிளந்து, சவுனா என்ற நீராவிக் குளியலறைக்குத் தீ மூட்ட வேண்டும். உட்கார்ந்து தின்னக் கூடாது என்று ஆர்வோ போட்ட சட்டம் அது.

லெம்பியின் வில் ஒரே மரக்கட்டையில் அவளே செதுக்கியது. கப்பி கிடையாது, கண்ணாடி கிடையாது. முகாமுக்கு வந்த முதல் வருடம் அதை வைத்து ஒரு மான் அடித்தாள். குருட்டு அதிர்ஷ்டம் என்பான் ஆர்வோ. அதற்கப்புறம் வருடத்துக்கு ஓர் அம்பு, வருடத்துக்கு ஒரு சட்டை.

துண்டை ஆணியடித்து முடித்ததும், தோற்றவள் மாதிரியே இல்லாமல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்து காப்பி கேட்டாள். விடிந்ததிலிருந்து நடந்ததை ருசித்து ருசித்துச் சொன்னாள். அணில் ஒன்று சருகில் ஓடி மூன்று தடவை ஏமாற்றியதாம். பிறகு சதுப்பிலிருந்து சத்தமே இல்லாமல் அவன் வந்தானாம். எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண் மான். மூச்சு புகையாக வந்ததாம். எட்டே தப்படி தூரம். நாண் கடைவாயைத் தொடும்வரை இழுத்துப் பிடித்தபோது தன் நெஞ்சு அடிப்பது மானுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தாளாம்.

"கண்ணிமையை எண்ணியிருக்கலாம்ணே. அம்புட்டுக் கிட்ட."

கேட்டுக்கொண்டிருந்த ஆர்வோ பான்கேக்கைத் திருப்பிப் போட மறந்தான். அது கருகிவிட்டது. முப்பதடிக்குள் ஒரு மானையும் அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

"அம்புட்டுக் கிட்ட நின்னும் விட்டுட்டே. ஆறு வருஷம் பொறுத்தாச்சு. நாளையிலிருந்து என் வில்லை எடு. அந்தக் குச்சியோடதான் வருவேன்னா, அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வராதே."

லெம்பி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா கட்டின கேபின் இது. பாதி எனக்கு. என் பாதியில நின்னு என் வில்லைத்தான் வளைப்பேன். முடிஞ்சா தூக்கி வெளியே போடு."

ஆர்வோவுக்கு உண்மையில் இன்னொரு கவலையும் இருந்தது. அரைகுறையாகக் காயம்பட்ட மான் சதுப்புக்குள் போய் அணுஅணுவாகச் சாகும். இத்தனை வருடமும் அம்பில் ரத்தம் இல்லை என்று அவள் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறான். இந்தத் தடவை தானே போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னான். ரத்தம் ஒரு சொட்டு இருந்தாலும் அந்த வில் இன்றைக்கே அடுப்புக்குள் போகும் என்றான்.

முதல் தடவையாக லெம்பி தடுமாறினாள்.

"அம்பு என்னுது. நானே போய் எடுத்துட்டு வரேன்."

அந்தத் தடுமாற்றம் போதும் அவனுக்கு. ஏப்ரனோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வருஷா வருஷம் அவள் உட்காரும் விழுந்த மரம் கேபினிலிருந்து கால் மணி நடை. மான் போன தடம் பனியில் தெளிவாக இருந்தது. குனிந்து அடிஅடியாகத் தேடினான். ரத்தம் இல்லை, ஒரு முடிகூட உதிரவில்லை. மனசுக்குள் நிம்மதியாக இருந்தாலும் அதை ஒப்புக்கொள்ள அவன் தயாராக இல்லை. சரி, அம்பு எங்கே என்று நிமிர்ந்தான்.

தடத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பட்டையோடு ஒரு பூர்ச்ச மரம். மானின் முதுகுக்கு ஒரு சாண் மேலே வரும் உயரத்தில் மரத்தில் ஒரு கருப்புக் கணு. அதன் நடுவில் இன்றைய அம்பு நின்றது. பக்கத்தில் தண்டு முறிந்து, துருப்பிடித்த முனை மட்டும் புதைந்த பழைய அம்பு ஒன்று. அதை ஒட்டி இன்னொன்று. ஆர்வோ விரல் வைத்து எண்ணினான். மொத்தம் ஆறு. ஆறையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. லெம்பிதான். பிடிபட்ட கூச்சமே அவளிடம் இல்லை.

"முதல் வருஷம் முதல் நாளே அடிச்சேன். அன்னைக்குத்தான் நீ அந்தச் சட்டத்தைப் போட்டே. மரமறுக்கிற மில் கேன்டீன்ல வருஷம் பூரா நூறு பேருக்கு ஆக்கிப் போடுறவ, லீவு போட்டு வந்து இங்கயும் பத்து நாள் அடுப்படியில நின்னேன். அடிச்சா காடு போச்சு, அடுப்புதான்னா நான் எதுக்குண்ணே அடிக்கணும்?"

ஆர்வோவின் ஏப்ரனில் ஒட்டியிருந்த மாவை அவளே தட்டிவிட்டு, காட்டைப் பார்த்து நடந்தபடி கேட்டாள்:

"மத்தியானத்துக்கு என்ன சமையல்?"