மூன்றே சொல்

"அனஸ்தாஸ்!" என்று கூப்பிட்டார் ரோனா மேடம்.

ஐந்து நாளும் அந்தப் பெயரைக் கேட்டாலே சிரித்த பெஞ்சுகள் இன்று சிரிக்கவில்லை.

ஆசிரியர்களுக்கான அந்த ஆங்கிலப் பயிற்சியில் ஒருவர் பாடம் நடத்த, மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளாக உட்கார வேண்டும். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகமும் ருவாண்டாவின் அந்த மலைமேல் கல்லூரியும் சேர்ந்து செய்த ஏற்பாடு; நடத்த ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் ரோனா மேடம்.

அனஸ்தாஸ் எப்போதும் மக்குப் பையன். அவர் விழிக்கிற விழியைப் பார்த்து, "என்னமா நடிக்கிறாரு!" என்று கைதட்டினார்கள்.

அது நடிப்பில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்த இளம் ஆசிரியை ஸ்பெசியோஸுக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்தாறு வருஷம் பிரெஞ்சில் பாடம் சொன்ன மனிதர். இனி எல்லாம் ஆங்கிலம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இதில் தேறாவிட்டால் ஜனவரியில் வேலை போய்விடும்.

முதல் நாளே ஸ்பெசியோஸிடம் பிரெஞ்சில் அலுத்துக்கொண்டார். "இந்தம்மா பேசறது, பீன்ஸ் வேகற பானைமேல மூடி தடதடன்னு ஆடுமே, அப்படித்தான் கேக்குது எனக்கு."

"ஐயோ வாத்தியாரே, மெதுவா! பின்னாடியே நிக்கறாங்க."

"நிக்கட்டுமே. அவங்களுக்கு இங்கிலீஷ விட்டா என்ன தெரியும்?"

ரோனா மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அனஸ்தாஸ் ஒரு கூடையோடு எழுந்து போனார். தக்காளி, ஒரு சீப்பு வாழைக்காய், ஒரு மண்வெட்டி. அத்தனையையும் மேசைமேல் கடை பரப்பினார்.

அவர் கையில் இருந்த ஆங்கிலம் மூன்றே சொல். யெஸ். குட். அகெய்ன்.

நேற்றுச் சாயங்காலம் ஒவ்வொருவர் காதிலும் ஸ்பெசியோஸ் என்ன ஓதினாளோ.

ஒரு தக்காளியைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். ஸ்பெசியோஸ் ஆங்கிலத்தில் பிடித்துக்கொண்டாள்.

"இது தக்காளியா? அழுகல்!"

"அழுகல் உன் மூக்கு!" என்றான் இன்னொருவன், அதுவும் ஆங்கிலத்தில்.

"யெஸ்," என்றார் அனஸ்தாஸ்.

வகுப்பு சந்தையாகிவிட்டது. இவரைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவளைப் பார்த்து ஒரு முறைப்பு. ஒற்றைப் புருவத்தால் இருபது பேரை ஆட்டிவைத்தார்.

கடைசி பெஞ்சில் டொமிட்டில். ஐந்து நாளாக வாயைத் திறக்காதவள். ஸ்பெசியோஸ் ஓதாமல் விட்டது இவளிடம் மட்டும்தான். சொன்னாலும் பேசுகிறவள் இல்லை.

நேரே போய் மண்வெட்டியை அவள் கையில் கொடுத்தார். காத்திருந்தார். தகரக் கூரையில் மழை விழுந்தது. இன்னும் காத்திருந்தார்.

"இது... என் மண்வெட்டி," என்றாள் ஆங்கிலத்தில். "விக்க மாட்டேன்."

"குட்," என்றார் அனஸ்தாஸ். "அகெய்ன்."

"விக்கவே மாட்டேன்!"

மணி அடித்தது.

ரோனா மேடம் வெகுநேரம் எழுதினார். தாளை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போனார்.

அனஸ்தாஸ் அதைப் பிரிக்கவில்லை. "நீயே படிச்சுச் சொல்லும்மா," என்று ஸ்பெசியோஸிடம் நீட்டினார்.

அவள் ஒரு வரி பார்த்தாள். மறுபடி மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கு நான் எதுக்கு? நீங்களே படிங்க."

பிரித்தார். அத்தனையும் பிரெஞ்சு.

"தேர்ச்சி. வாத்தியார் பேசியது ஒரு நிமிடம், பிள்ளைகள் பேசியது பத்தொன்பது. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நான் ஐந்து நாளாகத் திண்டாடினேன். ஆனால் மூன்று சொல் போதாது. ஜூலையில் மறுபடி வருவேன். அதற்குள் முந்நூறு ஆகியிருக்க வேண்டும்."

கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில், அழகாக எழுதியிருந்தது:

"பானை மூடி."