தீராத முட்டிவலி

“ஆ... மெதுவாம்மா, உயிரே போகுது!”

செபஸ்தியான் போட்ட சத்தத்தில், அடுப்படியில் இருந்த மனைவி அற்புதம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் பைக்கில் கூட்டிப்போய்த் தில்லைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டிய முட்டிவலி அது. இரண்டே வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். மூன்று மாதமாகியும் தீரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சும்மாவே பார்க்கிறார்களே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மனிதர் கேட்டால்தானே! பிசியோதெரபிக்கு ஆள் வீட்டுக்கே வரவேண்டும், அதுவும் அந்த ஆஸ்பத்திரிப் பெண் பிரான்சிதான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிரான்சி வரும் நாளில் முகம் மழித்து, சலவைச் சட்டை வேறு. இந்த வயதில் இது என்ன கூத்து என்று அற்புதம்மாள் மாதாவிடம்கூட முறையிட்டுவிட்டாள்.

“இன்னைக்கு இது போதும், அங்கிள்.”

“இரும்மா, டீ குடிச்சிட்டுப் போலாம்.”

டீயைக் கொண்டுவந்தவன் மகன் ரெஜிஸ். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சோற்றுக்குக் கூப்பிட்டாலும் அறையைவிட்டு வராதவன், அப்பாவுக்கு ஒத்தாசையாக நிற்கிறானே என்று அற்புதம்மாளுக்கு மனசு இளகியது. கூடவே ஆத்திரமும் பொங்கியது. கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

“நாளையிலேருந்து நீ வர வேணாம்மா. இவருக்கு வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காலையில பூசை முடிஞ்சு வரேன், பாலக்கரையில ஓடுற பஸ்ஸுல தொத்தி ஏறுறாரு இந்த மனுஷன்!”

செபஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டார். ரெஜிஸ் டீத் தட்டோடு அறைப்பக்கம் நழுவப் பார்த்தான்.

பிரான்சி கோபப்படவில்லை. “தெரியும் ஆன்ட்டி. முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா வந்துக்கிட்டிருந்தே?” அற்புதம்மாள் கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. யாருக்காக இந்த நடிப்பு?”

செபஸ்தியான் பரிதாபமாக மகனைப் பார்த்தார்.

“நான் என்னடி பண்ணுவேன்? இந்தப் பொண்ணுகிட்ட இன்னைக்குக் கேட்டுடுறேன், நாளைக்குக் கேட்டுடுறேன்னு இவன் இழுத்தடிக்கிறான். அதுவரைக்கும் எனக்கு வலிச்சுத்தானே ஆகணும்!”

பிரான்சி ரெஜிஸிடமிருந்து தட்டை வாங்கி, முதல் டீயை அற்புதம்மாளிடம் நீட்டினாள். பிறகு கட்டிலில் இருந்த செபஸ்தியான் பக்கம் திரும்பினாள்.

“அவர் என்கிட்ட கேட்டு ஒரு மாசமாச்சு. எந்திரிச்சு நடங்க, மாமா!”