உள்கதவு

வகுப்பில் இருந்தவர்கள் இங்கிலீஷ் மாஸ்டர் தேவசகாயம், துபாய் போகக் காத்திருந்த எலக்ட்ரீஷியன் காசிம், பேங்க் பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு பேர், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தமயந்தி. உள்கதவுக்கு அப்பால் மாஸ்டரின் வீடு. அங்கே அவர் மகனும் மருமகளும் இருந்தார்கள். அடி விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“இன்வால்வ்னா ஒரு விஷயத்துல நாமளும் சேந்துக்கிடுறது,” என்று மாஸ்டர் குரலை உயர்த்தினார். “உதாரணம் சொல்லுங்க.”

“ஐ ஆம் நாட் இன்வால்வ்டு, சார்,” என்றான் காசிம். பேங்க் பரீட்சைக்காரர்கள் சிரித்தார்கள்.

“கரெக்ட். போற எடத்துல இதுதான் உனக்கு அதிகமா தேவைப்படும்.”

உள்ளே பாத்திரம் உருண்டது. “மாமா!” என்று மருமகள் அலறினாள். மாஸ்டர் கரும்பலகையை அழிக்கத் திரும்பினார். தமயந்தி எழுந்தாள்.

“எங்கம்மா போற? அது குடும்ப விஷயம்.”

“உங்களத்தான் கூப்பிடுறாங்க சார். காது கேக்கலியா?”

அவள் உள்கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அடுக்களை வாசலில் பெல்ட்டோடு நின்ற மகன் திரும்பினான். மூலையில் ஒடுங்கியிருந்த பெண் தமயந்தியைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, பின்னாலேயே வந்து கதவில் நின்ற மாமனாரையே பார்த்தாள். தமயந்திக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. வகுப்புப் பக்கமிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.