ஊருக்கே வந்த காய்ச்சல்

“பெரிய காய்ச்சல் எப்பவாவது வந்திருக்கா, ஐயா?” என்று கேட்டாள் டாக்டர் ரத்ரி.

“ஒரு தடவை வந்துச்சும்மா,” என்றார் பைமின். “எங்க தெருவுக்கே வந்துச்சு. யாரும் தூங்கல, வேலைக்குப் போகல. எனக்கும் இவளுக்கும் ஒண்ணாத்தான் வந்துச்சு. இவளுக்குத்தான் ஜாஸ்தி.”

பக்கத்தில் மனைவி சுமியாத்தி பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“டைஃபாய்டா? டெங்குவா?”

“மோதிரத்துல பதிக்கிற கல்லும்மா!”

ரத்ரி சிரித்துவிட்டாள். ஜாவாவில் ஊரே ஒன்றின்மேல் பைத்தியமானால் அதையும் காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள்.

“ரெண்டு பேரும் ஆத்துல இறங்கி, வாய் ஓயாம பேசிக்கிட்டே கல் தேடுவோம். காய்ச்சல் விட்டுச்சு, பேச்சும் நின்னுபோச்சு. அது திரும்பி வர மருந்து இருக்காம்மா?”

சுமியாத்தி அவர் பக்கம் திரும்பினாள்.

“ஆத்துல இப்ப தண்ணி கம்மிதான். எந்திரிங்க, வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்.”