யார் கையிலும் தின்னாத நாய்

கருப்பம்மா நீட்டிய ரொட்டியைப் பக்கத்து வீட்டு பவுலினாவின் நாய் ஒரு தரம் முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதுவும் மொனராகலையிலிருந்து வந்திருந்த நாத்தனார் சிவசக்தியின் முன்னால்.

இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலேயே பிரௌனி மாதிரி மரியாதை தெரிந்த நாய் கிடையாது என்று அப்போதுதான் பெருமையடித்து முடித்திருந்தாள் கருப்பம்மா. பொய்யும் இல்லை. பிரௌனி யார் மேலும் பாயாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்துக் குரைக்காது. பவுலினா ‘உக்காரு’ என்றால் உட்காரும். ‘சாப்பிடு’ என்று அவள் சொல்லும்வரை தன் சோற்றுத் தட்டிலேயே வாய் வைக்காது. பெற்ற பிள்ளைகளைக்கூட யாரும் இப்படி வளர்த்ததில்லை என்று லயமே மெச்சிக்கொண்டிருந்தது.

கருப்பம்மா இன்னொரு தரம் நீட்டினாள். தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட ரொட்டி. நாய் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

சிவசக்தி சிரித்தாள். “ஒங்க கையால குடுத்தா நாய்கூடத் தின்னாதா அண்ணி?”

கருப்பம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. நாத்தனார் வாயில் விழுந்த பேச்சு மொனராகலை போய்ச் சேராமல் இருக்குமா?

அவளை பஸ் ஏற்றிவிட்ட கையோடு நேராகப் பீலிக்குப் போனாள். பவுலினா அங்கேதான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றாள் பவுலினா. தானேதான் அப்படிப் பழக்கியதாகவும், மகன் றொனி கொழும்பிலிருந்து வந்து பிஸ்கட் நீட்டினாலும் தான் சொல்லாமல் அது தின்னாது என்றும் சொன்னாள்.

“அப்ப நானும் யாரோவா?” என்று கேட்டாள் கருப்பம்மா. “முன்ன இருந்த டொமி என் ரொட்டியத் தின்னுதானே வளந்துச்சு? அத பாம்பு கடிச்சப்ப ஒன்னோட சேந்து நானும்தானே அழுதேன்?”

பவுலினா வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதுதான் கருப்பம்மாவுக்குத் தாங்கவில்லை. ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள், தீபாவளிக்கும் நத்தாருக்கும் பலகாரத் தட்டு மாற்றிக்கொண்டவள். மகன் கொழும்பில் சம்பாதிக்கத் தொடங்கியதும் பதில் சொல்லக்கூட மனமில்லாமல் போய்விட்டதா?

வீட்டில் கணவர் தம்பையா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் அந்த வீட்டோடு பேச்சும் இல்லை, பலகாரமும் இல்லை, அவரும் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசக்கூடாது என்று படபடவெனத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“நம்மளக் கேவலப்படுத்தணும்னே அந்த நாயப் பழக்கியிருக்கா.”

தம்பையா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

“அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாத. டொமிய பாம்பு கடிக்கல.”

“அப்ப?” என்றாள் கருப்பம்மா.

“காட்டுப்பன்னி கெழங்குப் பாத்தியக் கிண்டுதுன்னு, மிச்சம் கெடந்த ரொட்டியில மருந்து தடவி வச்சேன். ஒங்கிட்ட சொல்லல. விடிஞ்சு போய்ப் பாத்தா டொமி செத்துக் கெடந்துச்சு. தேடிக்கிட்டு பவுலினாவும் வந்துருச்சு. பக்கத்துலயே பாதி ரொட்டி. அது யார் சுட்ட ரொட்டின்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாதா?”

கருப்பம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பவுலினா என்ன சொன்னாள் என்று கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டாள்.

“ஒரு வார்த்த திட்டல. மிச்ச ரொட்டிய மண்ணத் தோண்டிப் பொதைச்சுச்சு. ‘அக்கா கை மணத்த நம்பித்தாண்ணே டொமி தின்னுருக்கும். தெரிஞ்சா அக்கா தாங்காது, இனி ஒரு நாய்க்கும் சோறு போடாது. பாம்புன்னே இருக்கட்டும், அடுத்த நாய நான் பழக்கிக்கிறேன்’னுச்சு.”